நின்றார், நின்றுகொண்டிருந்தார் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு 29 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். 2 வருடமாக இணையத்தில் கட்டுரைகள் எழுதி வருகிறேன். அம்மா 20 வருடம் செக்கிங்கில் (தைத்த துணியில் பிழை பார்த்துப் பிசிறு வெட்டும் பிரிவு) வேலை பார்த்தவர், முழங்கால் தேய்ந்துவிட்டதால் போன வருடம்தான் வேலையிலிருந்து நின்றார். பெரும்பாலும் அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஒரு கட்டுரையை 40 பேர் படித்தால் அதிகம். தினமும் சின்னப் பதிவுகள் போட்டால் வாசகர்கள் வருவார்கள் என்றாள் தோழி. 8 மாதமாக இன்ஸ்டாகிராமில் போடுகிறேன், 6,000 பேர் பின்தொடர்கிறார்கள். ஆனால் கட்டுரைக்கு அதே 40 பேர்தான். ஒரு நாளைக்கு எத்தனை பதிவு போடலாம்? எந்த நேரத்தில்? ஹேஷ்டேக் அவசியமா? இல்லை, இதையெல்லாம் விட்டுவிடலாமா? 2 கட்டுரைகளும் சில பதிவுகளும் அனுப்பியிருக்கிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள சகோதரிக்கு,

எத்தனை பதிவு, எந்த நேரம், ஹேஷ்டேக் என்பதையெல்லாம் உங்கள் தோழியிடமே கேளுங்கள். சொல்லித்தர ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. இன்ஸ்டாகிராமில் படத்துக்குக் கீழே எழுதும் வரிகளில் சுட்டி (லிங்க்) வேலை செய்யாது. பதிவு பிடித்துப்போய் இதயக்குறி போட்டவர் உங்கள் கட்டுரைக்கு எந்த வழியாக வருவார்? அதை முதலில் சரி செய்யுங்கள்.

விட்டுவிட வேண்டாம். சின்னதாக எழுதுவது நமக்குக் குறைச்சலே இல்லை. செம்புலப்பெயல்நீரார் குறுந்தொகையில் எழுதியது 5 அடி. சொந்தப் பெயர்கூட மிஞ்சவில்லை, அந்த 5 அடிக்குள் இருந்த உவமையே அவருக்குப் பெயராகிவிட்டது. அதனால் அளவைப் பற்றி எனக்குப் புகார் கிடையாது.

புகார் வேறு. நீங்கள் அனுப்பிய பதிவுகளில் ஒன்று, 'அம்மா நின்றார். நாங்கள் நடந்தோம்.' இதற்கு 2,300 விருப்பக்குறி. முதல் கட்டுரையில் இதே விஷயத்தை நீங்கள் எப்படி எழுதியிருந்தீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? 'ஒன்றரை ஷிப்ட் முழுக்க அம்மா அந்த மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.' இரண்டும் ஒன்றென்று நினைக்கிறீர்களா?

இது ரொம்ப நாளாக என்னை அரித்துக்கொண்டிருக்கும் விஷயம், அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன். 2011-இல் நான் ட்விட்டருக்குப் போனேன். அப்போது ஒரு கீச்சுக்கு (ட்வீட்) 140 எழுத்து. குறுஞ்செய்திக்கு இருந்த 160-இல் பெயருக்கென்று 20-ஐ ஒதுக்கிவிட்டு மீதியைக் கொடுத்திருந்தார்கள். ஆங்கிலக்காரருக்கு அது 140. நமக்கு அப்படி இல்லை. 'கொ' நமக்கு ஓர் எழுத்து, கணினிக்குக் ககரம் ஒன்று, ஒகரக் குறி ஒன்று, ஆக இரண்டு. புள்ளி வைத்த எழுத்தும் இரண்டு. 'தமிழ்' என்று எழுதினால் ஐந்து போய்விடும். 'கொண்டிருந்தார்' என்ற ஒரு சொல் 14. பத்துத் தடவை எழுதினால் கீச்சு நிறைந்துவிடும், நடுவில் இடைவெளி விடக்கூட முடியாது.

இடம் போதாதபோது எதை வெட்டுவோம்? பெயர்ச்சொல்லில் கைவைக்க முடியாது. உவமையை விட மனசு வராது. வினைமுற்றில்தான் கத்தரி விழும். 'நின்றுகொண்டிருந்தார்' 20, 'நின்றார்' 8. அப்புறம் என்ன, எல்லாரும் நின்றார்கள், பார்த்தார்கள், போனார்கள். யாரும் எதையும் செய்துகொண்டிருக்கவில்லை. இணையத்தில் வந்த வரிகளை எடுத்துப் போட்ட ஆனந்த விகடனின் 'வலைபாயுதே' பக்கத்தில் நம் வரி வராதா என்று ஏங்கிய காலம் அது. 4 வருடம் தினமும் எழுதினேன்.

2015-இல் அப்பாவின் கடைசி நாட்களை வைத்து ஒரு நீண்ட கதை எழுதினேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா 3 ராத்திரி உட்கார்ந்திருந்ததுதான் கதையே. 'அம்மா உட்கார்ந்தாள். விடிந்தது.' என்று எழுதியிருந்தேன். நல்ல வரி என்று நம்பினேன். என் மனைவி படித்துவிட்டு, "அத்தை அங்க மூணு ராத்திரி உட்கார்ந்துக்கிட்டே இருந்தாங்க. இதுல ஏதோ ஒரு நிமிஷம் உட்கார்ந்து எந்திரிச்ச மாதிரி இருக்கு" என்றாள்.

கதை முழுவதையும் திரும்பப் படித்தேன். 60 பக்கத்தில் ஒருவரும் காத்துக்கொண்டிருக்கவில்லை. பத்திக்குப் பத்தி ஒரு வெட்டு வரி, கைதட்டலுக்கு நிற்பதுபோல. என் அம்மாவின் அந்த 3 ராத்திரியையும் நானே வெட்டி எறிந்திருந்தேன். 2017 நவம்பரில் 140-ஐ 280 ஆக்கினார்கள். இடம் கூடியது, கை திரும்பவில்லை. இன்றைக்கும் ஒரு பக்கம் எழுதி முடித்ததும் வினைமுற்றுகளை மட்டும் தனியாகப் பார்க்கிறேன்.

உங்கள் இரண்டாவது கட்டுரையை, போன மாதம் எழுதியதை, அப்படித்தான் பார்த்தேன். ஒரு 'கொண்டிருந்தார்' கூட இல்லை. உங்களுக்கு யாரும் 140 என்று எல்லை போடவில்லையே! 8 மாதம் விருப்பக்குறிக்காக எழுதியதில் கை தானாகப் பழகிவிட்டது. வாசகர் 40 பேரா, 400 பேரா என்பது கிடக்கட்டும். ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்கு நின்றவர் ராத்திரி எட்டரைக்கும் நிற்கிறார் என்று அர்த்தம், இது என்னைவிட உங்களுக்குத் தெரியும். அந்த 12 மணி நேரம் உங்கள் வாக்கியத்தில் இல்லாமல் போனால் அம்மாவின் முழங்கால் ஏன் தேய்ந்தது என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்? 'நாங்கள் நடந்தோம்' என்று மோனைக்காகப் பதில் சொல்வதுபோல ஒரு வரி. இது யாருடைய அம்மாவுக்கும் பொருந்தும். அதனால்தான் 2,300 பேருக்குப் பிடித்தது. கடுமையாகச் சொல்கிறேன், ஆனால் உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

ஏன் உங்களிடம் என்றால், முதல் கட்டுரையின் பன்னிரண்டாம் பத்தியில் இது இருக்கிறது: 'பிசிறு வெட்டும் சின்னக் கத்தரியை அம்மா ஒரு நூலில் கட்டிக் கழுத்தில் போட்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமையும் கழற்ற மறந்துவிடுவார். சோறு போடக் குனியும்போது தட்டில் இடித்துக்கொண்டிருக்கும்.'

மூன்றே வாக்கியம். இதைப் படித்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இதைப் பதிவாகப் போட உங்களுக்கு ஏன் தோன்றவில்லை? முன்னும் பின்னும் எதுவும் வேண்டாம், 'முழுதும் படிக்க' என்று தூண்டில் வேண்டாம். எதையும் சுருக்காதீர்கள், முக்கியமாக அந்த 'இடித்துக்கொண்டிருக்கும்' அப்படியே இருக்கட்டும். இதைப் பார்த்து 10 பேர் வந்தாலும் அவர்கள் உங்கள் அம்மாவைத் தேடி வருகிறவர்கள், கட்டுரை எவ்வளவு நீளமாக இருந்தாலும் படிப்பார்கள்.

அம்மா வேலையை விட்டு ஒரு வருடம் ஆகிறது என்கிறீர்கள். அந்தக் கத்தரி இப்போது எங்கே இருக்கிறது? இரண்டு கட்டுரையிலும் தேடினேன், இல்லை. அவரிடமே கேட்டு எழுதி அனுப்புங்கள்.