பணம் வாங்கித் தோற்றவன் என்று லீக் எழுதிவிட்டது. என் பெயரை எப்படி மீட்பது?

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தில் ஓர் உதைபந்தாட்டக் கழகத்தின் முன்கள வீரன். வயது 27. மாவட்ட அணிக்கும் ஆடியிருக்கிறேன். எட்டு மாதங்களுக்கு முன் நடந்த லீக் இறுதிப்போட்டியில் நான் அடித்த பெனால்டி கம்பத்தில் பட்டு வெளியே போனது. ஒரு கோலால் தோற்றோம். சில நாட்களில் லீக் தன் பேஸ்புக் பக்கத்தில் என் படத்தைப் போட்டு, “பந்தயக்காரரிடம் பணம் பெற்று ஆட்டத்தை விட்டுக்கொடுத்தமை உறுதியானதால் இரண்டு ஆண்டுத் தடை” என்று அறிவித்தது. என்னை ஒருவரும் விசாரிக்கவில்லை. இன்றுவரை கடிதமும் தரவில்லை. போட்டிக்கு இரண்டு நாள் முன் என் கணக்குக்கு 3 இலட்சம் ரூபா வந்ததைக் காட்டும் வங்கிக் குறுஞ்செய்தியின் படம்தான் அவர்களின் ஆதாரமாம். அது வீட்டுக் கூரை வேலைக்குச் சுவிஸிலிருந்து மாமா அனுப்பிய பணம். லீக் செயலாளருக்கும் எனக்கும் கழகம் மாறியது தொடர்பாக முன்பே தகராறு. அவரே ஒழுக்காற்றுக் குழுவிலும் இருந்தார். நான் பயிற்சி கொடுத்த பாடசாலை என்னை வரவேண்டாம் என்றது. கனடாவில் கோடைகாலச் சுற்றுப்போட்டிக்கு அழைத்தவர்கள் அழைப்பை மீளப் பெற்றார்கள். அம்மா கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். காசு எனக்கு வேண்டாம், அந்த எழுத்து அழிய வேண்டும். லீக்குக்கு எதிராக 5 கோடி ரூபா கேட்டு வழக்குப் போடலாமா? பொலிஸுக்குப் போகச் சொல்கிறார் அண்ணா. அடுத்த பருவத்தில் எல்லாரும் மறந்துவிடுவார்கள் என்கிறார் கழகத் தலைவர்.

— பெயர் வெளியிட விரும்பாத வீரர், வலிகாமம்

பதில்: தம்பி, கழகத் தலைவர் சொல்வதைக் கேட்காதீர்கள். இணையத்தில் உங்கள் படத்தோடு கிடக்கும் குற்றச்சாட்டு தானாக மறைந்துபோகாது. இன்னும் பத்து ஆண்டு கழித்து யாராவது உங்கள் பெயரைத் தேடினாலும் அது முன்னால் வந்து நிற்கும். வழக்குப் போடலாம், போட வேண்டிய நிலையும் இருக்கிறது. ஆனால் காசு வேண்டாம், எழுத்து அழிய வேண்டும் என்று எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே 5 கோடி கேட்கிறீர்கள். முதலில் இதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நட்டஈட்டு வழக்கில் நீங்கள் வென்று, லீக்கின் தடைத் தீர்மானம் மட்டும் அவர்களின் குறிப்பேட்டில் அப்படியே இருந்தால், உங்கள் பெயர் பாதிதான் மீண்டிருக்கும்.

உங்களுக்கு இரண்டு தீங்குகள் நடந்திருக்கின்றன. விசாரணையில்லாமல் தடை விதித்தது ஒன்று. அதை ஊருக்கும் உலகுக்கும் அறிவித்தது மற்றது. இரண்டுக்கும் சட்டத்தில் தனித்தனி வழி உண்டு. முதலாவதை முதலில் உடைக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

லீக் என்பது விதிகளின்படி இணைந்தவர்களின் சங்கம். நீங்கள் கையெழுத்திட்ட வீரர் பதிவுப் படிவம்தான் உங்களை அந்த விதிகளோடு கட்டுகிறது. அதே படிவம் அவர்களையும் கட்டுகிறது. ஒருவரைத் தண்டிக்கும் முன் குற்றச்சாட்டைச் சொல்லி அவருடைய பதிலைக் கேட்க வேண்டும். அவரோடு பகை உள்ளவர் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இருக்கக்கூடாது. இந்த இரண்டும் இயற்கை நீதியின் அடிப்படை. எந்தச் சங்கத்தின் யாப்பில் எழுதியிருந்தாலும் எழுதாவிட்டாலும் நீதிமன்றம் இவற்றை எதிர்பார்க்கும். உங்கள் விடயத்தில் இரண்டுமே மீறப்பட்டிருக்கின்றன. செயலாளர் அந்தக் குழுவில் இருந்தார் என்பதைக் கூட்டக் குறிப்பே காட்டிவிடும். ஆகவே குற்றச்சாட்டு, குழு உறுப்பினர்களின் பெயர்கள், கூட்டக் குறிப்பு, அவர்கள் பார்த்த ஆதாரம், தீர்மானத்தின் பிரதி ஆகியவற்றைக் கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். கூடவே மேன்முறையீட்டையும் அனுப்புங்கள். காலம் கடந்துவிட்டது என்று சொல்லப் பார்ப்பார்கள். தீர்மானத்தையே உங்களிடம் தராதவர்கள் உங்கள் காலத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவார்கள்? இந்தக் கேள்வியைக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

உள்ளக மேன்முறையீட்டை நான் வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உறுப்பினர்கள் தங்கள் பிணக்குகளைச் சாதாரண நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவதை பீபாவின் யாப்பு பொதுவாகத் தடுக்கிறது. தேசிய சம்மேளனங்களும் அதற்கேற்பவே விதி செய்கின்றன. தடையை நேராக நீதிமன்றத்தில் எதிர்த்தால், “எங்கள் வாசலைத் தட்டாமலே வந்துவிட்டார்” என்பதே எதிராளியின் முதல் வாதமாக இருக்கும். அந்த வாதத்தை அவர்களிடம் விட்டுவைக்க வேண்டாம். மேன்முறையீட்டுக்கு அவர்கள் நியாயமான காலத்துக்குள் பதில் தராவிட்டால், அந்தத் தீர்மானம் செல்லாது என்ற அறிவிப்பையும், வழக்கு முடியும்வரை அதை நடைமுறைப்படுத்தாதபடி இடைக்காலக் கட்டாணையையும் யாழ்ப்பாண மாவட்ட நீதிமன்றத்தில் கேட்கலாம். ஒரு வீரரின் ஆடும் வயது திரும்பி வராது. கட்டாணை கேட்கும்போது உங்கள் பக்கம் நிற்கும் பலமான நியாயம் அதுதான்.

இதில் மற்றவர்களின் அனுபவத்தைப் பாருங்கள். இலங்கைக் கிரிக்கெட் வீரர் குசல் ஜனித் பெரேரா ஊக்கமருந்துப் பரிசோதனையில் சிக்கினார் என்று 2015 டிசம்பரில் இடைநிறுத்தப்பட்டார். கட்டார் ஆய்வுகூடத்தின் முடிவைச் சுயாதீன நிபுணர்களின் அறிக்கையோடு அவர் தரப்பினர் எதிர்த்தார்கள். 2016 மே மாதத்தில் சர்வதேச கிரிக்கெட் பேரவையே அவர்மீதான குற்றச்சாட்டை விலக்கிக்கொண்டது. ஐந்து மாதம்தான் சென்றது. அவர் மீண்டும் நாட்டுக்காக ஆடினார். இந்தியக் கிரிக்கெட் அணியின் முன்னாள் தலைவர் முகமது அசாருதீன் ஆட்ட நிர்ணயத்துக்காக, அதாவது பணம் வாங்கி ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார் என்று, 2000 டிசம்பரில் வாழ்நாள் தடை பெற்றார். அந்தத் தடை செல்லாது என்று ஆந்திர உயர் நீதிமன்றம் சொன்னபோது 2012 நவம்பர் ஆகியிருந்தது, அவருக்கு வயது 49. இரண்டு பேருக்கும் தடை நீங்கியது. மைதானம் திரும்பக் கிடைத்தது ஒருவருக்குத்தான். இதே வகைப் பழியில் வாழ்நாள் தடை பெற்ற இந்தியப் பந்துவீச்சாளர் சிறீசாந்தின் கதை வேறு வகை. 2015 இல் டில்லி நீதிமன்றம் அவரைக் குற்றவியல் வழக்கிலிருந்து விடுவித்தும் கிரிக்கெட் சபை தடையை விடவில்லை. 2019 இல் இந்திய உச்ச நீதிமன்றம் தண்டனையை மீள்பரிசீலிக்கச் சொன்ன பிறகுதான் அது ஏழு ஆண்டாகக் குறைந்து, 2020 செப்டெம்பரில் முடிந்தது. நீதிமன்றத்தில் வென்றவுடன் சங்கத்தின் தீர்மானம் தானாக விழுந்துவிடும் என்று எண்ண வேண்டாம் என்பதற்காகவே இவற்றைச் சொல்கிறேன்.

இனி அவதூறு. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு இதில் இடமில்லை. அது சொத்து, முதுசொம் பற்றியது. அவதூறு முழுநாட்டுக்கும் பொதுவான உரோமன் டச்சுச் சட்டத்தின்படி தீர்க்கப்படும். சொன்ன வார்த்தை உங்கள் மதிப்பைக் கெடுக்கக்கூடியது, அது மற்றவர்களுக்கு வெளியிடப்பட்டது, உங்களைக் குறித்தது என்று நீங்கள் காட்டினால், கெடுக்கும் எண்ணத்தோடுதான் வெளியிட்டார்கள் என்று சட்டம் ஊகித்துக்கொள்ளும். அப்படியில்லை என்று காட்டும் பொறுப்பு அவர்களுடையது. படமும் பெயரும் போட்டிருப்பதால் முதற்கட்டம் உங்களுக்குச் சிரமமில்லை. அதோடு அவர்கள் உங்கள்மீது சுமத்தியிருப்பது சாதாரணப் பழியும் அல்ல. 2019 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க விளையாட்டுடன் தொடர்புடைய தவறுகளைத் தடுக்கும் சட்டத்தின்படி ஆட்ட நிர்ணயம் பத்து ஆண்டுவரை சிறை செல்லக்கூடிய குற்றம். அந்தச் சட்டத்தின் கீழ் விசாரிப்பதற்கென்றே தனிப் பிரிவும் உண்டு. கையில் ஆதாரம் இருந்திருந்தால் லீக் போயிருக்க வேண்டிய இடம் அது. அங்கே போகாமல் பேஸ்புக்குக்குப் போனதை நீதிமன்றத்தில் அழுத்திச் சொல்லலாம்.

அவர்கள் என்ன பதில் வைத்திருப்பார்கள்? இங்கேதான் நீங்கள் என்னிடம் முழு உண்மையையும் சொல்ல வேண்டும். சொன்னது உண்மை, அதைச் சொன்னது பொதுநலனுக்காக என்ற இரண்டையும் எதிராளி நிறுவினால் உங்கள் வழக்கு தோற்கும். அப்போது நீதிமன்றத்தில் விசாரிக்கப்படுவது உங்கள் வாழ்க்கை. நியூசிலாந்தின் முன்னாள் கிரிக்கெட் வீரர் கிறிஸ் கெய்ன்ஸ், தன்னை ஆட்ட நிர்ணயக்காரர் என்று டுவிட்டரில் எழுதிய ஐ.பி.எல். முன்னாள் தலைவர் லலித் மோடிக்கு எதிராக 2012 இல் இலண்டனில் வழக்காடி 90,000 பவுண் நட்டஈடு பெற்றார். அந்த வழக்கில் பொய்ச் சாட்சி சொன்னார் என்று பின்னர் அவர்மீதே குற்றவியல் வழக்கு வந்தது. 2015 இல் விடுவிக்கப்பட்டார். குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தபோதும் அதற்கிடையில் அவர் பட்ட பாடு பெரிது. ஆகவே அந்த 3 இலட்சத்தை இன்றே ஆவணங்களால் பூட்டுங்கள். உங்கள் வங்கிக் கூற்று, மாமாவின் வங்கியிலிருந்து அனுப்பிய பதிவு, மாமாவின் சத்தியக்கடதாசி, கூரை மேசனுக்குக் கொடுத்த பற்றுச்சீட்டு, தகரமோ ஓடோ வாங்கிய கடையின் பில் எல்லாம் வேண்டும். மாமாவோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். கைபேசியை மாற்றுவதாக இருந்தால் பழையதை எடுத்து வையுங்கள். அந்த அந்தரங்கக் குறுஞ்செய்தியை உங்கள் கைபேசியிலிருந்து படம் எடுத்தவர் யார் என்பதையும் எழுதி வையுங்கள். பந்தயக்காரர் யாரோடாவது ஒரு நாள் தேநீர் குடித்திருந்தாலும் அதை உங்கள் சட்டத்தரணியிடம் சொல்லிவிடுங்கள். எதிராளியின் வாயால் அது வெளிவரக்கூடாது.

அவர்களின் இரண்டாவது கேடயம் சிறப்புரிமை. ஒழுக்காற்று முடிவை உறுப்புக் கழகங்களுக்கு அறிவிப்பது லீக்கின் கடமை; அப்படிப்பட்ட கடிதத்தில் தவறு இருந்தாலும் கெடுநோக்கம் இல்லாதவரை சட்டம் ஓரளவு பாதுகாப்புத் தரும். ஆனால் கழகங்களுக்குக் கடிதம் அனுப்பியதும், யாரும் பார்க்கவும் பகிரவும் கூடிய பக்கத்தில் படத்தோடு போட்டதும் ஒன்றல்ல. தெரியவேண்டிய தேவை இல்லாதவர்களுக்கும் சொன்னால் அந்தப் பாதுகாப்பு வலுவிழக்கும். செயலாளரோடு உங்களுக்கு இருந்த பழைய தகராறு கெடுநோக்கத்துக்குச் சான்று. அந்தக் காலத்துக் கடிதங்கள் இருந்தால் தேடி எடுங்கள். ஆகவே வழக்கைப் பேஸ்புக் அறிவிப்பின் மீது கட்டுங்கள். கழகக் கடிதங்களையும் அதற்குள் இழுத்து வழக்கைப் பலவீனமாக்க வேண்டாம்.

யாருக்கு எதிராக வழக்கு? நீங்கள் “லீக்” என்கிறீர்கள். கூட்டிணைக்கப்படாத, அதாவது சட்டப்படி தனி நிறுவனமாக ஆக்கப்படாத, சங்கத்துக்குச் சட்டத்தில் தனி ஆளுருவம் இல்லை. அதன் பெயரை மட்டும் எழுதி வழக்கிட்டால் முதல் தவணையிலேயே சிக்கல் வரும். லீக் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்பதை மாவட்ட விளையாட்டு உத்தியோகத்தர் அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்யுங்கள். கூட்டிணைக்கப்படாததாக இருந்தால், அறிவிப்பை எழுதியவர், அனுமதித்தவர், பக்கத்தில் ஏற்றியவர் ஆகியோரைத் தனிப்பட்ட முறையில் எதிராளிகளாக்க வேண்டும். தடைத் தீர்மானத்தைப் பொறுத்தவரை, குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 16 ஆம் பிரிவின்படி நீதிமன்ற அனுமதியோடு சில நிர்வாகிகளை எல்லா உறுப்பினர்களின் சார்பிலும் எதிராளிகளாக வைக்கலாம். அறிவிப்பில் கையெழுத்திட்டவர் தன் சொந்தப் பெயரில் நீதிமன்ற அழைப்பாணை வாங்கும்போது பேச்சுவார்த்தைக்கு முன்வருவது வழமை.

அவதூறுக்காகப் பொலிஸுக்குப் போகும் வழி மூடிவிட்டது. தண்டனைச் சட்டக்கோவையில் இருந்த குற்றவியல் அவதூறு 2002 இல் நீக்கப்பட்டது. அடிப்படை உரிமை மனுவும் உங்களுக்குப் பொருந்தாது: அது அரச நிருவாகச் செயலுக்கு எதிரானது, அதோடு ஒரு மாதத்துக்குள் போட வேண்டியது. கொழும்பில் எழுத்தாணை (ரிட்) கேட்பதும் பொது அதிகாரத்தைப் பயன்படுத்துபவருக்கு எதிராகத்தான்; தடைக்குப் பின்னால் அமைச்சோ அரச அலுவலரோ இருந்ததாகத் தெரிந்தால் மட்டும் அதைப் பற்றிப் பேசலாம்.

காலத்தைக் கவனியுங்கள். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி இப்படிப்பட்ட நட்டஈட்டு வழக்கை இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். எட்டு மாதம் போய்விட்டது. மேன்முறையீடு நடக்கிறது, பேச்சு நடக்கிறது என்று இருந்துவிட்டால் அந்தக் கடிகாரம் நிற்காது. மேன்முறையீட்டை இப்போதே தொடங்கச் சொல்வது இதனாலும்தான்.

தொகையைப் பற்றி: மனவேதனைக்கும் மதிப்பிழப்புக்கும் ஒரு தொகை, உண்மையான பண இழப்புக்கு வேறொரு தொகை என்று பிரித்துக் கேட்க வேண்டும். பாடசாலைப் பயிற்சிக்குக் கிடைத்த மாதக் கொடுப்பனவு, கனடா அழைப்புக் கடிதமும் அதை மீளப் பெற்ற மின்னஞ்சலும் கணக்குக் காட்டக்கூடியவை. 5 கோடிக்கு உங்களிடம் கணக்கு இல்லை. கணக்கில்லாத தொகையைப் பார்க்கும் நீதிபதி, இந்த இளைஞருக்குப் பெயர்தான் முக்கியம் என்பதை நம்பத் தயங்குவார். மாறாக மிகக் குறைந்த தொகை கேட்டால், சட்டம் குறிக்கும் எல்லைக்குள் வந்து முதலில் மத்தியஸ்த சபைக்குச் செல்ல நேரலாம். உங்கள் விடயத்தில் அதை நான் தீமையாக நினைக்கவில்லை. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் செயலாளர் வந்து உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

வழக்குக்கு முன் சட்டத்தரணி மூலம் ஒரு கோரிக்கைக் கடிதம் போக வேண்டும். அதில் தொகையைவிட முக்கியம், அவர்கள் வெளியிட வேண்டிய திருத்தத்தின் வாசகம். “வருந்துகிறோம்” என்ற ஒரு சொல் போதாது. குற்றச்சாட்டை விசாரிக்காமல் வெளியிட்டோம், அதற்கு ஆதாரம் இல்லை, தடைத் தீர்மானம் மீளப் பெறப்பட்டது என்ற மூன்றும் இருக்க வேண்டும். அதே பக்கத்தில், அதே படத்தோடு, மேலே நிறுத்தி வைக்கப்பட்டதாக இருக்க வேண்டும். எத்தனை நாள் என்பதையும் எழுதுங்கள். பாடசாலை அதிபருக்கும் கனடாவில் அழைத்தவர்களுக்கும் லீக் தன் கடிதத் தலைப்பில் பிரதி அனுப்ப வேண்டும். வழக்கு இடைநடுவில் இணக்கமாக முடிந்தால் இந்த வாசகத்தை நீதிமன்றப் பதிவில் ஏற்றச் சொல்லுங்கள். தீர்ப்பில் பெரும்பாலும் பணம்தான் கிடைக்கும். நீங்கள் கேட்கும் எழுத்து கிடைப்பது இப்படியான இணக்கத்தில்தான்.

அதுவரை செயலாளரைப் பற்றிப் பேஸ்புக்கில் நீங்களோ அண்ணாவோ ஒரு வரியும் எழுத வேண்டாம். நண்பர்களும் எழுதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்திலிருந்து ஒரு வசை போனாலும் அது எதிராளியின் கோப்பில் முதல் ஆவணமாகும்.

லீக்கின் பதிவு இன்னும் இருந்தால் முகவரி, திகதி, நேரம், பகிர்வு எண்ணிக்கை, கீழுள்ள கருத்துகள் தெரியும்படி முழுவதையும் பிரதி எடுத்து, பார்த்த இருவரின் சத்தியக்கடதாசியோடு வையுங்கள். கோரிக்கைக் கடிதம் கையில் கிடைத்தவுடன் பதிவை நீக்கிவிடுவார்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்துக்குப் போங்கள். வருமானத்தைப் பார்த்து உதவுவார்கள். போகும்போது பதிவுப் படிவத்தின் பிரதியையும், லீக் யாப்பையும், வங்கிக் கூற்றையும் கொண்டுபோங்கள். யாப்பு உங்களிடம் இல்லாவிட்டால் கழகச் செயலாளரிடம் கேளுங்கள். ஒரு பிரதி அவரிடம் இருக்க வேண்டும்.