இறுதிச் சொல் (கடிதமும் பதிலும்)

மதிப்பிற்குரிய ஐயா,

நான் ஏற்காட்டில் ஒரு வங்கியில் பணிபுரிகிறேன். வீடு சேலம் அம்மாப்பேட்டையில். இரண்டு ஆண்டுகளாக எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. ஆடிப் பண்டிகைக்கு மாரியம்மன் கோயிலில் பொங்கல் வைக்க அம்மா கூப்பிடுகிறார். போனால் நான் பொய்யாக நடிக்க வேண்டும். போகாவிட்டால் அம்மா சாப்பிடாமல் படுத்துக்கொள்கிறார். அண்ணன் தீ மிதித்தபோது கால் சுடவில்லை என்பதைத்தான் எப்போதும் ஆதாரமாகச் சொல்கிறார். பெரியப்பாவோ நாத்திகம் வெளிநாட்டுச் சரக்கு, அதுவும் ஒரு மதம்தான், சாமி பயம் இல்லாதவளுக்கு ஒழுக்கம் எங்கிருந்து வரும் என்கிறார். "எத்தனையோ நாத்திகனைப் பார்த்தாயிற்று. சாகும்போது எல்லாரும் சாமியைக் கூப்பிட்டவர்கள்தான். நீயும் கூப்பிடுவாய்" என்று உறவினர் அனைவர் முன்னிலையிலும் சொன்னார். எனக்குப் பதில் வரவில்லை. சிந்திக்கவே தெரியாத இந்த மூடர்களோடு எப்படி வாழ்வது? பொங்கல் வைக்கப் போகலாமா, கூடாதா?

ஒரு வாசகி, சேலம்

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் கடிதத்தைப் பல முறை படித்தேன். உங்கள் பெரியப்பா சொன்ன அந்தக் கடைசி வாக்கியத்தை நான் இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக மனதில் சுமந்துகொண்டிருக்கிறேன் என்பதால்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன். அதற்கு முன் உங்களைக் கடிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பெற்ற தாயை 'மூடர்' என்ற சொல்லுக்குள் அடைத்து எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். நம்பிக்கை போய் இரண்டு ஆண்டுகள்தான் ஆகின்றன என்று நீங்களே எழுதுகிறீர்கள். அதற்கு முந்தைய இருபது சொச்சம் ஆண்டுகளும் நீங்கள் மூடராகவா இருந்தீர்கள்? ஒரு கருத்தை விட்டு வெளியே வந்தவர், இன்னும் அதற்குள் இருப்பவரை இகழ்வதற்குப் பகுத்தறிவு என்று பெயர் இல்லை. என் தந்தை வாழ்நாள் முழுவதும் நாத்திகராக இருந்தவர். இந்தச் சொல்லை அவர் எந்தப் பெண்ணை நோக்கியும் சொல்லி நான் கேட்டதில்லை.

தீமிதியைப் பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. மரக்கரித் தணல் வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். மேலே படியும் சாம்பல் அதை இன்னும் குறைக்கும். நடப்பவரின் கால் ஒவ்வோர் அடியிலும் தணலின் மேல் இருப்பது ஒரு வினாடிக்கும் குறைவான நேரம். தயங்கி நின்றவர்களுக்கும் இடறி விழுந்தவர்களுக்கும் சுட்டிருக்கிறது என்பது ஊரறிந்தது. நாத்திகமும் ஒரு மதம் என்பதற்கோ ஒழுக்கம் பற்றிய கேள்விக்கோ நான் நேரம் செலவிடப் போவதில்லை. ஒரு நம்பிக்கை இல்லாதிருப்பது இன்னொரு நம்பிக்கை ஆகிவிடாது. இரவு கடைசிப் பேருந்தில் தவறவிட்ட பணப்பையைத் தேடிக் கொண்டுவந்து கொடுக்கும் நடத்துநரிடம் அவர் கும்பிடும் சாமி எது என்று உங்கள் பெரியப்பாவே கேட்டிருக்க மாட்டார்.

வெளிநாட்டுச் சரக்கு என்ற பேச்சுக்கு மட்டும் சிறிது சொல்கிறேன். மணிமேகலையில் 'சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதை' என்று ஒரு பகுதி உண்டு. வஞ்சி நகரில் மணிமேகலை ஒவ்வொரு சமயத்தவரிடமும் சென்று அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். இறுதியில், நிலம், நீர் முதலிய பூதங்களைத் தவிர வேறெதுவும் இல்லை என்னும் பூதவாதி ஒருவன் பேசுகிறான். தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் சேரும்போது கள்ளில் களிப்புப் பிறப்பதைப் போலப் பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது. கண்ணால் காண்பதே மெய். மறுபிறவி பொய் என்கிறான். மணிமேகலை சிரிக்கிறாள். உன் தாய் தந்தையரை நீ அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று திருப்பிக் கேட்கிறாள். காப்பியம் அவன் பக்கம் இல்லை. ஆயினும் அவன் வாதத்தை முழுமையாகச் சொல்ல இடம் கொடுத்திருக்கிறது. மனு நூல் வேதத்தை நிந்திப்பவனைத்தான் நாத்திகன் என்கிறது. உலகைப் படைத்த கடவுள் ஒருவர் தேவையில்லை என்று வாதிட்ட மீமாம்சகர்களோ வேதத்தின் காவலர்களாகவே மதிக்கப்பட்டார்கள். இந்த மண்ணில் இந்தச் சொல்லுக்கு இத்தனை நீண்ட வரலாறு இருக்கிறது. பெரியப்பாவுக்கு இதைச் சொல்லுங்கள், சினமின்றிச் சொல்லுங்கள்.

இனி அந்தக் கடைசி வாக்கியத்துக்கு வருகிறேன்.

சாகும்போது நாத்திகன் மனம் மாறினான் என்ற கதை நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. டார்வின் இறந்தது 1882-ல். அவர் நோய்ப்படுக்கையில் தம் கொள்கைக்கு வருந்தினார், விவிலியத்தைப் போற்றினார் என்று 1915-ல் ஓர் அமெரிக்கச் சமயப் பத்திரிகை ஒரு பெண்மணியின் பெயரால் கதை வெளியிட்டது. டார்வினின் மகள் ஹென்ரியட்டா, தந்தையின் இறுதிப் படுக்கையருகே இருந்தவர், 1922-ல் அதைத் திட்டவட்டமாக மறுத்தார். மறுப்பு வந்து நூறாண்டு கடந்தும் கதை இன்னும் சாகவில்லை. நம் நாட்டில் பகத்சிங் 1930 அக்டோபரில், லாகூர் சிறையில் மரண தண்டனையை எதிர்நோக்கி இருந்தபோது, தாம் ஏன் நாத்திகர் என்பதை விளக்கி ஒரு கட்டுரை எழுதினார். கடைசி நாட்களில் நீயும் நம்பத் தொடங்குவாய் என்று ஒருவர் தம்மிடம் சொன்னதையும், அப்படிச் செய்வதைத் தமக்கு இழிவாகவே கருதுவதாகத் தாம் பதில் சொன்னதையும் அதில் பதிவு செய்கிறார். உங்கள் பெரியப்பா உங்களிடம் சொன்னது, இருபத்து மூன்று வயதில் தூக்குக் கயிற்றின் முன் நின்ற ஒருவரிடம் ஏற்கெனவே சொல்லப்பட்ட அதே வாக்கியம். ப. ஜீவானந்தம் அக்கட்டுரையைத் தமிழாக்கினார். நெசவாளியான என் தந்தை அந்தச் சிறு நூலைத் தறிக்குழியின் விளிம்பில், பாவுக்குப் பக்கத்தில் எப்போதும் வைத்திருந்தார்.

ஒரு வாதத்துக்காக, யாரோ ஒரு நாத்திகர் மரண பயத்தில் உண்மையாகவே சாமியைக் கூப்பிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அதனால் நிலைநாட்டப்படுவது என்ன? அவர் பயந்தார் என்பது மட்டுமே. அச்சுறுத்திப் பெற்ற ஒப்புதல் வாக்குமூலத்தை நம் சாட்சியச் சட்டமே ஏற்பதில்லை. திருடனுக்குக் கொடுக்கும் அந்தப் பாதுகாப்பைச் சாகக் கிடப்பவனுக்குக் கொடுக்க மாட்டீர்களா? இதன் மறுபக்கத்தையும் எண்ணிப் பாருங்கள். பச்சைக் குழந்தையைப் பறிகொடுத்த தாய் தெருவில் விழுந்து, "மாரியாத்தா, உனக்குக் கண்ணில்லையா? நீ தெய்வமா?" என்று மண்ணை வாரித் தூற்றுவதை நான் சிறுவயதில் சேலத்தின் குகை என்னும் பகுதியில் பல முறை கேட்டிருக்கிறேன். அந்தத் தாய் அன்றோடு நாத்திகராகிவிட்டார் என்று யாரேனும் கணக்கில் எழுதிக்கொண்டார்களா? வலியில் சொன்னாள், விட்டுவிடுங்கள் என்றுதான் ஊர் சொன்னது. அது சரியான தீர்ப்பு. நம்பிக்கையுள்ளவரின் வலிக்குக் கிடைக்கும் அந்தக் கருணை நம்பாதவரின் வலிக்கு மட்டும் ஏன் மறுக்கப்படுகிறது? அவர் முனகலை மட்டும் ஏன் சாட்சியமாக்கிக்கொள்கிறீர்கள்? இதை நான் எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன். இதுவரை நேரான பதில் கிடைக்கவில்லை.

என் தந்தை குகையில் குழித்தறி நெய்தவர். அவருக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, 1937-ல், நான்கு வயதுத் தங்கைக்கு அம்மை போட்டது, அக்காலத்துப் பெரியம்மை. 'அம்மா வந்திருக்கிறாள்' என்று வாசலில் வேப்பிலை செருகினார்கள். வீட்டில் தாளிப்பு நின்றது, வெளியாட்கள் வரவில்லை. நோயாளியைத் தனியே வைத்திருந்த அளவில் அந்த வழக்கத்தில் பயனும் இருந்தது என்பதை நான் மறுக்க மாட்டேன். ஏழாம் நாளோ எட்டாம் நாளோ குழந்தை இறந்தது. வீட்டுக்கு விலக்கான நாளில் என் பாட்டி குழந்தையைத் தொட்டுத் தூக்கியதால் தீட்டுப்பட்டு, மாரித்தாய் கோபித்துக்கொண்டாள் என்று தெருப் பெரியவர்கள் சொன்னார்கள். என் பாட்டி அதை நம்பினார். அதற்குப் பிறகு அவர் வாழ்ந்த ஏறத்தாழ முப்பது ஆண்டுகளும், தன் குழந்தையைத் தானே கொன்றுவிட்டதாக நம்பியபடி வாழ்ந்தார். குழந்தை அழுததால் எடுத்து அணைத்தார். அவர் செய்தது அவ்வளவுதான்.

அந்தக் குழந்தையைக் கொன்றது ஒரு கிருமி. அதைத் தடுக்கும் அம்மைப்பால் அன்றைக்கே இருந்தது. தெய்வக் குற்றம் வந்துவிடும் என்று அஞ்சிக் குத்திக்கொள்ளாத வீடுகள் ஏராளமாக இருந்தன. பிற்காலத்தில் வீடு வீடாகத் தேடித் தேடி நோயாளிகளைக் கண்டறிந்து, அவர்களைச் சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் அம்மை குத்தியதால்தான் அந்த நோய் ஒழிந்தது. 1975-க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை. 1980-ல் உலகிலேயே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அந்த அறிவிப்பை என் தந்தை செய்தித்தாளில் படித்துவிட்டு, நெய்துகொண்டிருந்த தறியை நிறுத்தி, வெகுநேரம் நாடாவைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பாட்டி அப்போது உயிருடன் இல்லை.

1944 ஆகஸ்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகம் என்று பெயர் மாறிய சேலம் மாநாட்டில் அவர் பதினாறு வயதுச் சிறுவனாகக் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருக்கிறார். அங்கேதான் கெட்டுப்போனான் என்று உறவினர்கள் சொல்வார்கள். உண்மை அதற்கு ஏழு ஆண்டுகள் முந்தையது. தன் தாய் குற்றவாளி அல்லள் என்று ஒன்பது வயதில் ஒரு சிறுவன் முடிவெடுத்தான். குழந்தையை அணைத்ததற்காகக் குழந்தையைக் கொல்லும் தெய்வம் இருக்க முடியாது என்பது அந்த முடிவிலிருந்து தானே வந்தது. நாத்திகர்களுக்கு மனம் வறண்டது, அன்பு தெரியாது என்று சொல்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான். வேறு பதில் என்னிடம் இல்லை.

1998-ல் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலக்கையும் வலக்காலும் விழுந்தன, பேச்சும் போனது. ஒரே ஒரு சொல் மட்டும் எஞ்சியது. தண்ணீர் வேண்டுமென்றாலும், புரட்டிப் படுக்க வைக்க வேண்டுமென்றாலும், ஜன்னலைத் திறக்க வேண்டுமென்றாலும் "அம்மா" என்றார். மூளையில் மொழிக்குரிய பகுதி பழுதுபட்டவர்களிடம் பழகிப்போன ஓரிரு ஒலிகள் மட்டும் தங்கிவிடுவதை மருத்துவம் நன்கறியும். 1861-ல் பாரிஸ் நகரத்தில் பால் புரோக்கா ஆராய்ந்த நோயாளி 'டான்' என்ற ஓர் அசையைத்தான் எல்லாவற்றுக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். தமிழில் பிறந்தவருக்கு எஞ்சும் சொல் எது என்று கேட்கவும் வேண்டுமா? கால் இடறினால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

நான்காம் நாள் இரவு, நினைவு தப்பிய பிறகு, வயதில் மூத்த உறவினர் ஒருவர் வந்து அவர் நெற்றி நிறையத் திருநீறு பூசினார். விடியற்காலையில் அவர் இறந்தார். மூன்றாம் நாளுக்குள் எங்கள் தெரு முழுவதும் செய்தி பரவியிருந்தது: "கடைசியில் அவனும் மாரியம்மா என்று கூப்பிட்டுத்தான் போனான்." அறுபது ஆண்டுகள் ஒருவர் உறுதியாகச் சொல்லி வந்த ஒன்றை, அவரால் மறுத்துப் பேச முடியாத நான்கு நாட்களை வைத்து அழித்துவிட்டார்கள். தன் தாயை அழைத்த சொல்லை எடுத்து, எந்தக் குற்றச்சாட்டிலிருந்து அவர் தாயைக் காத்தாரோ அந்தக் குற்றச்சாட்டின் காலடியிலேயே வைத்துவிட்டார்கள். இதைச் செய்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவரை நேசித்தவர்கள், அவர் நற்கதி அடைய வேண்டுமென்று விரும்பியவர்கள். ஆனாலும் அது திருட்டுதான், மகளே. இன்றும் என்னால் அதை வேறு பெயரால் அழைக்க முடியவில்லை.

பெரியார் 1973 டிசம்பர் 19 அன்று சென்னை தியாகராய நகரில் தம் கடைசிக் கூட்டத்தில், சிறுநீர்க்குழாய் பொருத்திய உடலின் வேதனையோடு, தாம் வாழ்நாளெல்லாம் சொன்னதையே சொன்னார். ஐந்தாம் நாள் வேலூரில் இறந்தார். ஆயிரக்கணக்கானோர் கேட்டதால் அவருடைய இறுதிப் பேச்சை யாராலும் மாற்ற முடியவில்லை. நெசவாளிக்கு அப்படிச் சாட்சிகள் இல்லை.

ஒரே ஒரு சாட்சி இருந்தார். என் தாய். ஆண்டு தவறாமல் ஆடியில் மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தவர். சேர்வராயன் மலைக்கு ஒரு முறை வேண்டுதல் என்று எங்களை அழைத்துச் சென்றவர். குனிந்து நுழைய வேண்டிய அந்தக் குகைக் கோயிலுக்குள் அவர் போய் வரும்வரை தந்தை என்னையும் அவருடைய செருப்பையும் வைத்துக்கொண்டு வெளியே பாறையில் காத்திருந்தார். அம்மா திரும்பி வந்ததும் "கூட்டமா?" என்று மட்டும் கேட்டார். அவர்களுக்குள் சாமி பற்றிய சண்டை நடந்து நான் பார்த்ததில்லை. அந்த இரவு உறவினர் திருநீறு பூசிவிட்டு வெளியே போனதும், என் தாய் பஞ்சைத் தண்ணீரில் நனைத்துத் தந்தையின் நெற்றியை நிதானமாகத் துடைத்தார். புருவ மயிருக்குள் ஒட்டியிருந்ததைக்கூட விரல் நுனியால் எடுத்தார். நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, "அவருக்குப் பிடிக்காது" என்றார். பிறகு பஞ்சை வெளியே எறியாமல், திருநீறாயிற்றே என்று தன் முந்தானை நுனியில் முடிந்துகொண்டார்.

துக்கம் கழிந்து மறு ஆண்டு ஆடியில் அவர் பொங்கல் வைக்கப் புறப்பட்டபோது பானையையும் விறகையும் சுமந்துகொண்டு உடன் போனவன் நான். கோயிலுக்கு வெளியே நின்று, அடுப்பு புகையும்போதெல்லாம் ஊதிக் கொடுத்தேன். கும்பிடச் சொல்லி அவர் கேட்கவில்லை.