டி3 கேம்பர் வேனில் கூலன்ட் குறைகிறதா? முதலில் கசிவைக் கண்டுபிடியுங்கள்

கேள்வி: ஜெர்மனியில் வசிக்கிறேன். என்னிடம் 1988ஆம் ஆண்டு வோக்ஸ்வேகன் டி3 கேம்பர் வேன் இருக்கிறது. 2.1 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். மூன்று வாரத்தில் இரண்டு லிட்டர் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குறைந்துவிட்டது. ஆனால் வண்டி நிற்கும் இடத்தில் தரை காய்ந்தே கிடக்கிறது. கசிவை அடைக்கும் பவுடரைக் கலந்தால் போதும் என்கிறார் நண்பர். ஜூலையில் குடும்பத்தோடு ஆஸ்திரிய மலைப்பகுதிக்குப் போகத் திட்டமிட்டிருக்கிறோம். என்ன செய்வது?

பதில்: அந்தப் பவுடரை வாங்காதீர்கள். வாங்கியிருந்தால் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். உங்கள் வண்டியில் ரேடியேட்டர் முன்னால் இருக்கிறது, எஞ்சின் பின்னால் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் நீண்ட குழாய்கள் தரைக்கு அடியில் ஓடுகின்றன. முன்பக்கம் ஒரு ஹீட்டர் இருக்கும், பல கேம்பர்களில் பின் இருக்கைக்கு அடியில் இன்னொன்றும் இருக்கும். மொத்தம் 16 லிட்டருக்கு மேல் கூலன்ட் சுற்றி வருகிறது. பவுடர் முதலில் போய்த் தங்குவது ஹீட்டர், ரேடியேட்டர் ஆகியவற்றின் மெல்லிய குழல்களில்தான். கசிவு நிற்காமல் போகலாம், சூடேறுவது மட்டும் கூடிவிடும். மலை ஏறும்போதுதான் அது தெரியவரும்.

தரை காய்ந்திருப்பதை வைத்துக் கசிவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். எஞ்சின் சூடாகி, குழாய்களுக்குள் அழுத்தம் ஏறிய பிறகுதான் பல கசிவுகள் வாய் திறக்கும். இந்த எஞ்சினில் புகைபோக்கிக் குழாய்கள், சிலிண்டர்களை மூடும் பகுதிகளான சிலிண்டர் ஹெட்டுகளுக்குக் கீழேதான் போகின்றன. சொட்டும் நீர் அவற்றின்மேல் விழுந்து ஆவியாகிவிடும். ஆகவே தரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு எஞ்சினைப் பாருங்கள்.

எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு ஒரு டார்ச் விளக்கோடு வண்டிக்கு அடியில் படுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்க வேண்டாம், உறுதியான தாங்கிகள் வைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டர் ஹெட் எஞ்சின் உடலோடு சேரும் விளிம்பை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பாருங்கள். உப்பளத்து வரப்பில் உப்புப் பூத்ததுபோல வெண்மையாகவோ, நீலமாகவோ, பச்சையாகவோ ஒரு கோடு படிந்திருந்தால் கசிவு அங்கேதான். இந்த எஞ்சினில் ஒரே ஹெட் கேஸ்கெட் (இணைப்பில் கசிவைத் தடுக்கும் அடைப்பு) எல்லா வேலையையும் செய்வதில்லை. பெட்ரோல் எரிந்து உண்டாகும் வாயுவின் அழுத்தத்தைத் தாங்கச் சிலிண்டரைச் சுற்றி உலோக வளையம் இருக்கிறது. நீரைத் தடுக்க வெளி விளிம்பில் ரப்பர் கேஸ்கெட் தனியாக இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் பழைய கூலன்டிலேயே ஓட்டினாலோ, குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாலோ, அந்த ரப்பர் அமரும் அலுமினியப் பரப்பு அரித்துக் குழி விழும். குழியின் வழியே நீர் வெளியேறும். எண்ணெயில் நீர் கலக்காமலே, வெண்புகை வராமலே ஹெட் கசிவதற்கு இதுதான் காரணம். அதனால் எண்ணெய் சுத்தமாக இருக்கிறது என்று யாராவது ஆறுதல் சொன்னால் அதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

கோடு தெரிந்தால் சிலர் உடனே ஸ்பேனரை எடுத்து ஹெட் நட்டுகளை இறுக்குவார்கள். வேண்டவே வேண்டாம். அந்த நட்டுகள் மாட்டியிருக்கும் ஸ்டட்டுகள் என்ற நீண்ட திருகுகளில் சில, நீருக்குள்ளேயே இருந்து துருப்பிடித்து மெலிந்திருக்கும். ஒரு திருப்பில் முறிந்துவிட்டால், கேஸ்கெட் வேலையாக இருந்தது எஞ்சினையே இறக்கும் வேலையாகிவிடும். ஹெட்டைக் கழற்றி, குழிகளை வெல்டிங் செய்து சமப்படுத்தியோ ஹெட்டையே மாற்றியோ, புதிய கேஸ்கெட் போட்டு மூடுவதுதான் சரியான வழி.

அந்த அளவுக்குப் போவதற்கு முன் செலவு குறைந்த இடங்களைப் பார்த்துவிடுங்கள். முதலில் எஞ்சின் அறையில் உள்ள பிளாஸ்டிக் அழுத்தத் தொட்டி. வயதான தொட்டியின் இணைப்பில் மயிரிழை விரிசல் விழும். அதன் மூடி பழையதாக இருந்தால் தயங்காமல் புதிது வாங்குங்கள். எஞ்சின் சூடாகும்போது மிகுதியான நீர் அந்த மூடி வழியாகத்தான் நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் உள்ள நிரப்புத் தொட்டிக்குப் போகிறது, ஆறும்போது அதே வழியில் திரும்புகிறது. மூடி பழுதானாலோ வேறு எங்காவது காற்று புகுந்தாலோ திரும்பி வர வேண்டிய நீர் வராது. நிரப்புத் தொட்டி நிறைந்தும் அழுத்தத் தொட்டி குறைந்தும் இருந்தால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். அடுத்து வாட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு துளையில் ஈரம் இருக்கிறதா, தரைக்கு அடியில் ஓடும் குழாய்களின் முனைகள் துருப்பிடித்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஹோஸ்களைக் கையால் அழுத்திப் பார்த்து, மெத்தென்று உப்பியவற்றை மாற்றிவிடுங்கள். வண்டிக்குள் இனிப்பான வாடை வந்தாலோ முன்கண்ணாடியில் பிசுபிசுப்பான ஆவி படிந்தாலோ ஹீட்டர் கசிகிறது.

இத்தனைக்கும் பிடிபடாவிட்டால், ஒரு பட்டறையில் அழுத்தத் தொட்டியின் வாயில் கைப்பம்பை மாட்டி 1 பார் அளவுக்கு அழுத்தம் ஏற்றச் சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சினிலேயே கசிவு வெளிப்பட்டுவிடும். பம்பின் அழுத்தமானியில் முள் இறங்குகிறது, ஆனால் வெளியே ஈரமே இல்லை என்றால், எஞ்சினுக்குள் எரிந்த வாயு கூலன்டில் கலக்கிறதா என்று சோதிக்க வேண்டும். தொட்டியின் மேல் வைக்கும் நீலத் திரவம் மஞ்சளானால் எரிந்த வாயு கூலன்டுக்குள் புகுகிறது என்று பொருள்.

பழுது எதுவாக இருந்தாலும் மீண்டும் நிரப்பும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். என்னிடம் வந்த ஒரு டி3க்கு வேறொரு பட்டறையில் புது வாட்டர் பம்ப், புது தெர்மோஸ்டாட் எல்லாம் போட்டிருந்தார்கள். அப்படியும் வண்டி கொதித்துக்கொண்டே இருந்தது. முன் கிரில்லைக் கழற்றி ரேடியேட்டரின் மேல் திருகைத் தளர்த்தினேன். ஒரு நிமிடத்துக்கு மேல் வெறும் காற்றுதான் சீறியது, அதன் பிறகே நீர் வந்தது. வண்டியின் முன்பகுதியை ஏறக்குறைய 40 செ.மீ. உயர்த்தி, ஹீட்டர் லீவர்களை முழுவதும் திறந்து, எஞ்சினை நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடவிட்டு, அந்தத் திருகின் வழியே குமிழி இல்லாமல் நீர் வரும்வரை அழுத்தத் தொட்டியில் ஊற்றிக்கொண்டே இருங்கள். நிரப்புவதற்குப் பாஸ்பேட் இல்லாத, அலுமினியத்துக்கு ஏற்ற கூலன்டும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதி. ஜி11, ஜி12 என்ற இரண்டு வகை வோக்ஸ்வேகன் கூலன்டுகளையும் கலக்காதீர்கள், பழுப்புச் சேறாகிவிடும். வடித்த பழைய கூலன்டை உடனே மூடி வையுங்கள். இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும், பூனையும் நக்கக்கூடும், அது கொடிய விஷம்.

பயணத்தைப் பொறுத்தவரை, ஹெட் விளிம்பில் கோடு கண்டால் ஜூலைத் திட்டத்தைத் தள்ளிப்போடுங்கள். நீண்ட ஏற்றத்தில் அந்தக் கசிவு சொட்டோடு நிற்காது. தொட்டி, மூடி, ஹோஸ் அளவில் முடிந்துவிட்டால் அவற்றை மாற்றி, காற்றை முழுவதும் வெளியேற்றி, உள்ளூரில் 200 கிலோமீட்டராவது ஓட்டுங்கள். மறுநாள் காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தொட்டியில் மட்டம் ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை என்றால் தாராளமாகக் கிளம்பலாம். ஐந்து லிட்டர் கலவையை வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். வெப்பமானியில் உள்ள சிவப்பு விளக்கு மின்னினால் அடுத்த ஊர்வரை போய்விடலாம் என்று பார்க்காமல் உடனே ஓரங்கட்டி நிறுத்துங்கள். அரை மணி நேரமாவது ஆறவிட்டு, தொட்டியைத் தொட்டால் சுடாத பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.