தமிழும் மலையாளமும் கலந்த பேச்சுக்கு ஒட்டுச்சொல் உருவாக்குவது எப்படி?

பாலக்காட்டு எல்லையில் பேசும் கலப்புக்கு ஒரே சொல்லில் பெயர் கேட்டிருக்கிறீர்கள்.

முதல் சொல்லின் தலை, இரண்டாவதன் வால்: இதுதான் அடிப்படை. 'தமிங்கிலம்' அப்படி வந்தது; 'தமிழ்' என்ற சொல்லிலிருந்து 'தமி', 'ஆங்கிலம்' என்ற சொல்லிலிருந்து 'ங்கிலம்'. தே + இலை = தேயிலை இந்த வகை அல்ல. அங்கே எதையும் வெட்டவில்லை, இடையில் யகரம் சேர்ந்தது, அவ்வளவே.

உங்கள் சொல்லுக்கு 'தமிழ்யாளம்' என்றால் ழ், ய் மோதி நாக்கு இடறும். யகரத்தை விடுங்கள். ழ் என்ற மெய்மேல் ஆ ஏறி 'ழா' ஆகும்: தமிழாளம். ஒட்டு தெரியாது, இரண்டு மொழியும் காதில் விழும். என் தேர்வு இதுவே.

வரிசையை மாற்றி 'மலமிழ்' என்று மட்டும் வைக்காதீர்கள். 'மலம்' முன்னால் வந்து நின்றுவிடும்; அந்தப் பெயரை யாரும் வாயில் எடுக்க மாட்டார்கள். வெட்டிய துண்டுக்குத் தனிப்பொருள் உண்டா என்று முதலில் பாருங்கள். பிறகு 'தமிழாளத்தில் பேசினாள்' என வேற்றுமை உருபு சேர்த்து உரக்கச் சொல்லுங்கள்.