இங்கிலாந்தின் மருத்துவமனைக் கணினித் திட்டம் கவிழ்ந்தது எங்கே?

கேள்வி: எங்கள் மருத்துவமனையில் நோயாளிப் பதிவுகளைக் கணினிக்கு மாற்றப் போகிறார்கள். மென்பொருளைத் தேர்வு செய்யும் குழுவில் நானும் இருக்கிறேன். இங்கிலாந்தில் இதே வேலை கோடிக்கணக்கான பவுண்டை விழுங்கியும் தோற்றது என்கிறார்களே, ஏன்? நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: நீங்கள் கேட்பது டோனி பிளேர் அரசு 2002-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தைப் பற்றி. 2006-ல் தணிக்கை அலுவலகம் அதன் மொத்தச் செலவை 1,240 கோடி பவுண்டு என்று மதிப்பிட்டது. 2011 செப்டம்பரில் திட்டத்தைக் கலைப்பதாக அரசே அறிவித்தது.

கோளாறு வாங்கிய விதத்திலேயே தொடங்கிவிட்டது. நாட்டை ஐந்து மண்டலமாகப் பிரித்து, 2003 டிசம்பரில் தொடங்கிச் சில மாதங்களுக்குள் ஒப்பந்தங்களை முடித்தார்கள். வார்டில் என்ன தேவை என்று டாக்டர்களும் நர்ஸ்களும் பேசி முடிப்பதற்குள் கையெழுத்தாகிவிட்டது. மூன்று மண்டலங்களுக்குத் தேர்வான லொரென்சோ என்ற நோயாளிப் பதிவு மென்பொருள் அப்போது எழுதி முடிக்கப்படவே இல்லை. ஒப்பந்தமும் மத்திய அமைச்சகத்தோடுதான். 'இது எங்களுக்குச் சரிவராது' என்று சொல்லும் உரிமை மருத்துவமனைக்கு இல்லை.

கறாரான ஒப்பந்தம் இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். வேலை முடிந்தால்தான் பணம் என்பது அங்கேயும் விதி. ஒப்பந்தம் எடுத்த கம்பெனிகளில் ஒன்றான ஆக்சென்ச்சர், நஷ்டத்துக்காக 45 கோடி டாலரை ஒதுக்கிவைத்துவிட்டு 2006-ல் விலகியது. 2008-ல் இன்னொரு கம்பெனியான ஃபுஜிட்சுவின் ஒப்பந்தம் முறிந்தது. ரிஸ்க் கம்பெனி தலையில், மென்பொருள் இல்லாத நிலை மருத்துவமனை தலையில்.

இதே திட்டத்தில் எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைக் கணினியில் பார்க்கும் ஏற்பாடு மட்டும் 2007 இறுதிக்குள் நாடு முழுக்க வந்துவிட்டது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த மென்பொருள், ஒரே துறையின் வேலை. ஃபிலிம் தேடி அலுத்துப்போன டாக்டர்கள் தாங்களாகவே கேட்டார்கள்.

ஆகவே உங்கள் குழு முதலில் பார்க்க வேண்டியது, இதே அளவுள்ள மருத்துவமனை ஒன்றில் அந்த மென்பொருள் நிஜமாகவே ஓடுகிறதா என்பதைத்தான். விற்பனையாளரின் டெமோவை நம்பாதீர்கள். அங்கே போய், கூட்டம் அதிகமான நாளில் வெளிநோயாளர் பிரிவில் நின்று பாருங்கள். லாகின் ஆக எத்தனை வினாடி, மருந்துச் சீட்டு எழுத எத்தனை கிளிக் என்று எண்ணுங்கள். சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் இங்கிலாந்தில் ஓர் அவசர சிகிச்சைப் பிரிவில் லாகின் ஆக ஒரு நிமிடத்துக்கு மேல் பிடித்ததால், ஷிப்ட் முழுக்க ஒருவரின் ஸ்மார்ட் கார்டிலேயே எல்லோரும் வேலை பார்த்தார்கள். யார் எதைப் பதிவு செய்தார் என்ற கணக்கு அதோடு போயிற்று.

அடுத்தது பழைய தரவு. ஒரே நோயாளிக்கு இரண்டு எண், வயது மட்டும் இருந்து பிறந்த தேதி இல்லாத பதிவுகள் எல்லாம் புதிய கணினியில் ஏறினால் தவறானவருக்கு அப்பாயின்ட்மென்ட் போகும். குறைந்தது இரண்டு முறை ஒத்திகையாக மாற்றி, ஒவ்வொரு முறையும் நூறு பதிவுகளையாவது காகிதக் கோப்போடு வைத்துச் சரிபாருங்கள்.

ஒரே நாளில் எல்லாத் துறையையும் மாற்றாதீர்கள். மாற்றும் வாரங்களில் வெளிநோயாளர் எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொரு ஷிப்டிலும் பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருவரை உதவிக்கென்றே விடுவியுங்கள். கணினி நின்றுபோனால் எழுத அச்சடித்த படிவம் வார்டிலேயே இருக்கட்டும். விற்பனையாளர் விலகினால் எல்லாப் பதிவுகளையும் வேறு மென்பொருளில் திறக்கக்கூடிய வடிவில், கூடுதல் கட்டணமின்றித் திருப்பித் தர வேண்டும் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.