வீட்டைப் புதுப்பிக்கும் பணத்தில் பட்டறையும் அமைக்கலாமா?

கேள்வி: எங்கள் வீடு பழையது. குளியலறையிலிருந்து பக்கத்து அறைச் சுவருக்கு ஓதம் ஏறுகிறது. வயரிங்கை மாற்றியே ஆக வேண்டும் என்று எலக்ட்ரீஷியன் சொல்லிவிட்டார். அலமாரிகள், பெயின்ட் வேலைகளும் இருக்கின்றன. கையிருப்பு எங்கள் குடும்பத்தின் 8 மாதச் செலவுக்கு வரும். மாதந்தோறும் கால் மாதச் செலவு அளவுக்கு மிச்சம் பிடிக்கிறேன். ஒப்பந்தக்காரரின் மதிப்பீட்டையும் அதே கணக்கில் தருகிறேன். குளியலறைக்கு ஒன்றே முக்கால் மாதச் செலவு, வயரிங்குக்கு முக்கால், அலமாரிகளுக்கு இரண்டு, பெயின்டுக்கு அரை. ஆக மொத்தம் ஐந்து. இதில் கூலி மட்டும் இரண்டு (குளியலறை முக்கால், வயரிங் கால், அலமாரி முக்கால், பெயின்ட் கால்). மரவேலை எனக்கு நன்றாக வரும். எல்லாவற்றையும் நானே செய்துவிடலாம் என்று டேபிள் சா (மேசையோடு வரும் ரம்பம்), ரோட்டரி ஹாம்மர் (கான்கிரீட்டைத் துளைப்பது), டைல் கட்டர், பேட்டரி டிரில், சர்க்குலர் சா (கையில் பிடித்து ஓட்டும் வட்ட ரம்பம்), சாண்டர் (மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்குவது), ரூட்டர் (மரத்தில் பள்ளமும் விளிம்பும் செதுக்குவது) எனப் பட்டியல் போட்டேன். ஒன்றரை மாதச் செலவு வருகிறது. கடையில் வட்டியில்லாமல் 6 தவணை தருகிறார்கள். ரொக்கம் கொடுத்தால் 5 சதவீதம் தள்ளுபடி. கூலியில் மிச்சம் இரண்டு, கருவிக்குச் செலவு ஒன்றரை. எப்படிப் பார்த்தாலும் லாபம், கருவிகளும் கையில் நிற்கும். தம்பியோ, "எல்லாவற்றையும் வாடகைக்கு எடுத்தால் போதும்" என்கிறான். யார் சொல்வது சரி? ஒப்பந்தக்காரர், அவரிடமே கொடுத்தால் பாதித் தொகையை முன்பணமாகக் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: எல்லாவற்றையும் மாதச் செலவாக மாற்றி எழுதியிருக்கிறீர்கள். மிக நல்ல பழக்கம். தொகையாகப் பார்க்கும்போது சிறிதாகத் தெரிவது, "இது எங்கள் வீடு ஆறு வாரம் ஓடும் பணம்" என்று பார்க்கும்போது வேறு மாதிரித் தெரியும். அதே அளவுகோலை நானும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அந்த லாபக் கணக்கு. கூலி இரண்டும் உங்களுக்கு மிச்சமாகாது. வயரிங்கை நீங்கள் தொடக் கூடாது. தகுதி பெற்றவர் செய்து, சோதித்துக் கொடுக்க வேண்டிய வேலை அது. குளியலறையையும் விட்டுவிடச் சொல்வேன். அங்கே டைல்ஸ் பதிப்பது கண்ணுக்குத் தெரியும் வேலை. பணத்தைத் தின்பது அதற்கு அடியில் இருக்கும் நீர்க்காப்புப் பூச்சு. அதில் ஒரு மூலை தவறினாலும் பதித்த டைல்ஸைப் பெயர்த்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். மிச்சம் பிடித்த முக்கால் மாதம், ஒன்றே முக்கால் மாத நஷ்டமாகத் திரும்பி வரும். ஆகவே உங்கள் கைக்கு வருவது அலமாரிக் கூலி முக்கால், பெயின்ட் கூலி கால், மொத்தம் ஒரு மாதச் செலவு. ஒன்றை மிச்சம் பிடிக்க ஒன்றரை செலவழிக்கப் பார்க்கிறீர்கள்.

இனி கையிருப்பைப் பாருங்கள். ஐந்தில் உங்கள் உழைப்பைக் கழித்தால் நான்கு. பழைய வீட்டில் சுவரை உடைத்தால் மதிப்பீட்டில் இல்லாத ஏதோ ஒன்று வெளியே வரும். துருவேறிய குழாயாக இருக்கலாம், தொட்டாலே உதிரும் பூச்சாக இருக்கலாம், முன்பு யாரோ ஒட்டுப்போட்ட வயராக இருக்கலாம். அதற்காக மொத்த மதிப்பீட்டில் 20 சதவீதம், அதாவது ஒரு மாதச் செலவு, தனியே இருக்க வேண்டும். கருவிக்கு ஒன்றரை. எட்டில் ஆறரை போனால் கையில் நிற்பது ஒன்றரை மாதச் செலவு. வீடு பாதி உடைந்து கிடக்கும்போது வேலையோ உடம்போ காலை வாரிவிட்டால் அது எந்த மூலைக்கு? அவசர நிதி ஆறு மாதச் செலவுக்கு இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் பொருந்தும் விதி இல்லைதான். ஆனால் ஒன்றரை என்பது எந்தக் கணக்கிலும் போதாது.

நான் கவனித்தது இன்னொன்று. உங்கள் கேள்வியில் இரண்டு செலவுகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. ஒன்று வீட்டைச் சரிசெய்வது. மற்றது உங்களுக்கென்று ஒரு பட்டறை அமைப்பது. இரண்டுமே நியாயமான ஆசைகள். ஆனால் முதலாவதன் அவசரத்தைக் காட்டி இரண்டாவதற்கு அனுமதி வாங்கிக்கொள்கிறீர்கள். "வீட்டுக்காகத்தானே" என்ற சொல் எந்தக் கருவியையும் வாங்க வைத்துவிடும். கணக்கைப் பிரித்து எழுதிவிட்டால் குழப்பம் தீரும்.

வீட்டுக் கணக்கிலும் இப்போதைக்கு இரண்டே வேலைகள்: குளியலறை, வயரிங். சேர்த்து இரண்டரை. எதிர்பாராதவற்றுக்கு அதில் 20 சதவீதம், அரை மாதம். மூன்று போனால் கையில் ஐந்து நிற்கும். அலமாரியும் பெயின்டும் காத்திருக்கட்டும். காசு மட்டும் காரணம் இல்லை. கசிவை நிறுத்திய பிறகும் ஓதம் ஏறிய சுவர் உலரப் பல மாதங்கள் ஆகும். ஈரச் சுவரில் அடித்த பெயின்ட் கொப்புளம் கட்டி உரிந்து வரும். அந்தச் சுவரோடு ஒட்டி வைத்த பிளைவுட் பின்புறம் பூஞ்சை பிடிக்கும். உங்கள் சேமிப்பு வேகத்தில் நான்கு மாதத்தில் கையிருப்பு ஆறாகிவிடும். அதற்குப் பிறகு எட்டு மாதச் சேமிப்பு இரண்டு மாதச் செலவு. அலமாரி, பெயின்ட் பொருள்களுக்கு ஒன்றரை, கருவிகளுக்கு அரை. ஓராண்டில் சுவரும் உலர்ந்திருக்கும், கடனும் இருக்காது.

ஒன்றரை எப்படி அரையாகும் என்று கேட்பீர்கள். குளியலறையை ஒப்பந்தக்காரரிடம் கொடுத்ததுமே ரோட்டரி ஹாம்மரும் டைல் கட்டரும் பட்டியலிலிருந்து விழுந்துவிட்டன. அவர் ஆட்கள் தங்கள் கருவிகளோடுதான் வருவார்கள். அடுத்தது டேபிள் சா. நீங்கள் முகம் சுளிப்பீர்கள் என்று தெரியும், மரவேலை தெரிந்தவர்களுக்கு அதன் மேல் ஒரு மயக்கம் உண்டு. ஆனால் அலமாரிக்கு வேண்டியது பலகைத் தாள்களை நேராக வெட்டுவது. 2440க்கு 1220 மில்லிமீட்டர் அளவில் வரும் 18 மில்லிமீட்டர் பிளைவுட் ஒன்று சுமார் 30 கிலோ இருக்கும். அதைத் தனியாளாகத் தூக்கிச் சிறிய டேபிள் சாவின் மேல் நேராகத் தள்ளுவது சிரமம், ஆபத்தும்கூட. தாளைத் தரையில் படுக்க வைத்து, நேர்க்கட்டை ஒன்றை கிளாம்ப் போட்டுப் பிடித்து, சர்க்குலர் சாவை அதன் ஓரமாக ஓட்டினால் அதே வெட்டு கிடைக்கும். இன்னும் மலிவான வழி, பலகை வாங்கும் இடத்திலேயே அளவு கொடுத்து வெட்டி வாங்குவது. பெரிய இயந்திரத்தில் வெட்டிய மூலைகள் சரியாக 90 பாகையில் இருக்கும். அப்படிச் செய்தால் சர்க்குலர் சாகூட வேண்டாம்.

தம்பி சொல்வது பாதி சரி. வாடகையா, சொந்தமா என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. வாங்கும் விலையிலிருந்து, பின்னால் விற்றால் கிடைக்கக்கூடிய தொகையைக் கழியுங்கள். மீதியை ஒரு நாள் வாடகையால் வகுங்கள். விலை 12 நாள் வாடகைக்குச் சமம், பாதி விலைக்கு விற்கலாம் என்றால் விடை 6. ஆறு நாளுக்கு மேல் அந்தக் கருவி ஓடும் என்று உறுதியாகத் தெரிந்தால் வாங்கலாம். ஓடும் நாள் என்றால் கையில் பிடித்து வேலை செய்யும் நாள், அலமாரியில் தூங்கும் நாள் இல்லை. பேட்டரி டிரில் இந்தக் கணக்கில் எளிதாகத் தேறிவிடும். கீல் மாட்ட, கைப்பிடி வைக்க, திரைக்கம்பி பொருத்த என்று வாழ்நாள் முழுக்க அது வேண்டும். சாண்டர் எல்லைக்கோட்டில் நிற்கிறது. ரூட்டரை ஒரு வாரக் கடைசிக்கு வாடகைக்கு எடுங்கள். மறுபடி மறுபடி எடுக்க வேண்டி வந்தால், வாங்கத் தகுந்தது என்று அதுவே சொல்லிவிடும். வாடகையிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒரு நாள் வேலை என்று எடுத்தது மூன்று நாள் இழுத்தால் கணக்கு கவிழ்ந்துவிடும். அளவெடுத்து, கோடு போட்டு, எல்லாப் பலகையையும் தயாராக வைத்துக்கொண்டு பிறகு கருவியைக் கொண்டுவாருங்கள்.

டிரில் வாங்கும்போது நீங்கள் உண்மையில் வாங்குவது பேட்டரியை. ஒரு நிறுவனத்தின் பேட்டரி பொதுவாக இன்னொன்றின் கருவியில் ஏறாது. முதல் டிரில்லோடு அந்தக் குடும்பத்துக்குள் போய்விடுகிறீர்கள். அடுத்து வாங்கும் கருவிகளைப் பேட்டரி இல்லாமல் குறைந்த விலைக்கு வாங்கலாம் என்பது லாபம், கட்டுப்பட்டுவிடுவது நஷ்டம். ஆகவே டிரில்லின் விலையை மட்டும் பார்க்காமல் தனிப் பேட்டரியின் விலையையும், சர்வீஸ் எங்கே கிடைக்கும் என்பதையும் பாருங்கள். பெட்டியில் 18 வோல்ட், 20 வோல்ட் என்று எழுதியிருப்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். இரண்டிலும் பெரும்பாலும் ஐந்து லித்தியம் செல்கள்தான். வேலை நேரச் சராசரி அழுத்தம் ஒரு செல்லுக்கு 3.6 வோல்ட் என்று பெருக்கினால் 18, முழுச் சார்ஜில் ஏறத்தாழ 4 என்று பெருக்கினால் 20.

கருவி விலையோடு கணக்கு முடியாது. பிளேடு, டிரில் பிட், உப்புத்தாள், கிளாம்ப், ரசமட்டம், மூலைமட்டம், காது அடைப்பான், பாதுகாப்புக் கண்ணாடி, தூசி முகமூடி எல்லாம் சேரும். கடைசி மூன்றில் சிக்கனம் வேண்டாம். மரத்தூசியை 1995-லும், டைல்ஸ், கான்கிரீட் வெட்டும்போது கிளம்பும் சிலிக்காத் தூசியை 1997-லும், புற்றுநோய் உண்டாக்குபவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் வகையில் சேர்த்தது. இதைப் பண ஆலோசகன் ஏன் சொல்கிறான் என்று தோன்றலாம். உங்கள் கையிருப்பெல்லாம் உங்கள் சம்பளத்திலிருந்து வந்தது, சம்பளம் உங்கள் உடம்பிலிருந்து வருகிறது. விபத்துக் காப்பீடு இல்லையென்றால் ரம்பத்துக்கு முன் அதை வாங்குங்கள்.

தவணை விஷயத்துக்கு வருகிறேன். வட்டியில்லை என்பது விளம்பரம். 100க்கு வரும் பொருள் ரொக்கத்தில் 95. அதையே ஆறு மாதத் தவணையில் 100 ஆகக் கட்டுகிறீர்கள். 95ஐக் கடன் வாங்கி மாதம் 16.67 வீதம் திருப்புவதற்குச் சமம் இது. கணக்குப் போட்டால் மாதத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை, ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. செயல்பாட்டுக் கட்டணம் என்று ஏதாவது சேர்த்தால் இன்னும் ஏறும். சேர்த்து வைத்து ரொக்கமாக வாங்குங்கள்.

இப்படிச் செய்தால் அலமாரி, பெயின்ட் கூலியான ஒரு மாதச் செலவில் கருவிக்கு அரை போக, மிச்சம் அரை. தவறாக வெட்டிய பலகை ஒன்றிரண்டு அதிலும் கொஞ்சம் தின்னும். பல வார விடுமுறை நாள்களுக்கு ஈடாக அது பெரிய தொகை இல்லை. உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்றால் செய்யுங்கள், அதுவே போதுமான காரணம். லாபம் என்று பெயர் வைக்க வேண்டியதில்லை. மிஞ்சியதைப் பட்டறைக் கணக்கு என்று தனியே போட்டு வையுங்கள். டேபிள் சா ஒருநாள் அந்தக் கணக்கிலிருந்து வரட்டும், முடிந்தால் யாரோ வாங்கி ஆசை தீர்ந்து விற்கும் இரண்டாம் கை இயந்திரமாக.

முன்பணம் பாதி வேண்டாம். தொடக்கத்தில் பொருள் வாங்க 10 முதல் 20 சதவீதம் கொடுங்கள். மீதியை இடிப்பு முடிந்ததும், குழாய் பதித்ததும், நீர்க்காப்பு முடிந்ததும், டைல்ஸ் முடிந்ததும் என்று பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். நீர்க்காப்புத் தவணைக்கு ஒரு நிபந்தனை வையுங்கள். பூச்சு உலர்ந்த பிறகு தரையில் தண்ணீர் கட்டி, மட்டத்தைக் குறித்து, குறைந்தது 24 மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். மட்டம் இறங்கவில்லை, கீழேயும் பக்கத்திலும் ஈரம் இல்லை என்று பார்த்த பிறகே பணம், பிறகே டைல்ஸ். மொத்தத்தில் 5 முதல் 10 சதவீதத்தை வேலை முடிந்து சில வாரங்கள் கழித்துத் தருவதாக முதலிலேயே பேசிவிடுங்கள். டைல்ஸை நீங்களே வாங்குவதானால் ஒரே பேட்ச் எண்ணில் (ஒரே தடவையில் தயாரானவையாக), தேவைக்கு மேல் 10 சதவீதம் சேர்த்து வாங்குங்கள். ஐந்துக்கு அவர் தந்த மதிப்பீட்டில் பாதியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். குளியலறைக்கும் வயரிங்குக்கும் மட்டும் புதிதாக எழுதித் தரச் சொல்லுங்கள். வேலை குறைந்ததால் அவர் விலையைச் சற்று ஏற்றக்கூடும். அப்படி ஏற்றினால் இன்னும் இருவரிடம் மதிப்பீடு வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள்.