கிட் லாக் ரிப்போர்ட்: கேள்வி பதில்

கிட் என்பது நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி. ஒவ்வொரு பதிவும் ஒரு கமிட், அவற்றைப் பட்டியலிடுவது கிட் லாக். கமாண்ட் லைனில் ஆப்ஷன் கொடுத்து கிட் லாக்கை வேண்டியபடி மாற்றிக்கொள்வது பற்றிய கேள்விகளுக்கு மட்டும் பதில். ஆப்ஷன் பெயர்களைத் தமிழில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கிலச் சின்ன எழுத்து.

கேள்வி: ஒரு கமிட்டுக்கு ஒரு வரி, அதில் பெயரும் தேதியும் வேண்டும் அண்ணா.

--ப்ரெட்டி=ஃபார்மட் கொடுத்து, மேற்கோளுக்குள் %ஹெச் %ஏஎன் %ஏடி %எஸ் என்று எழுதுங்கள். சுருக்கிய ஹேஷ் (கமிட்டின் அடையாளக் குறி), எழுதியவர், தேதி, தலைப்பு வரி என்று வரும். --டேட்=ஷார்ட் சேர்த்தால் நாள் மட்டும் நிற்கும். ஹெச் பெரிய எழுத்தானால் முழு ஹேஷும் வந்து வரி நீண்டுவிடும்.

கேள்வி: --சின்ஸ்=2024-04-01 கொடுத்தேன். ஏப்ரல் 1 காலையில் போட்ட கமிட்டுகளைக் காணோம்.

நீங்கள் மாலை 4 மணிக்கு ஓட்டியிருப்பீர்கள். நேரம் எழுதாவிட்டால், கட்டளை ஓடும் நேரத்தையே கிட் அந்தத் தேதியோடு ஒட்டிக்கொள்ளும். அதாவது ஏப்ரல் 1 மாலை 4 மணியிலிருந்துதான் கணக்கு. காலை 9 மணிக்கு ஓட்டுபவருக்கு வேறு ரிப்போர்ட் வரும். "2024-04-01 00:00" என்று மேற்கோளுக்குள் நேரத்தோடு எழுதுங்கள். தேதி எழுதினால் நேரமும் எழுதுங்கள்.

கேள்வி: இதையே எக்செலில் கலர் போட்டு எடுக்க முடியுமா?

அது எக்செல் தெரிந்தவரிடம் கேட்க வேண்டியது.

கேள்வி: ஷார்ட்லாக் -எஸ்என் கையால் ஓட்டினால் வருகிறது, க்ரானில் காலியாக வருகிறது.

ஷார்ட்லாக் -எஸ்என் ஆளுக்கு எத்தனை கமிட் என்று எண்ணும் கட்டளை. க்ரான், குறித்த நேரத்தில் கட்டளையைத் தானே ஓட்டுவது. முனையம் இல்லாத இடத்தில், எந்தக் கிளை என்று சொல்லாவிட்டால் ஷார்ட்லாக் உள்ளீட்டுக்காகப் பார்க்கும். க்ரானில் அது காலி. கடைசியில் ஹெட் (இப்போதைய கிளை) என்று சேருங்கள், இதை மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்தில். இன்னொன்று: க்ரான்டேப் (க்ரான் வேலைகளை எழுதும் கோப்பு) வரியில் % வந்தால் அங்கேயே கட்டளை முறிந்துவிடும். ஃபார்மட்டைத் தனி ஸ்கிரிப்ட்டில் வையுங்கள்.

கேள்வி: அந்த ஷார்ட்லாக் எண்ணிக்கையை வைத்து அப்ரைசல் போடச் சொல்கிறார் மேனேஜர். மெர்ஜை எப்படி விலக்குவது?

மெர்ஜ், அதாவது கிளைகளை இணைக்கும் கமிட்டை, விலக்க --நோ-மெர்ஜஸ். ஆனால் தயவுசெய்து அந்த எண்ணை அப்ரைசலுக்குக் கொடுக்காதீர்கள். இரண்டு நாள் தேடி ஒரே வரியைத் திருத்தியவருக்கு 1. கோப்புப் பெயரை மாற்றி மாற்றிப் போட்டவருக்கு 20.

கேள்வி: எண்ணே இல்லாமல் எதை வைத்து மதிப்பிடுவது? நீங்கள் சொல்வது நடைமுறைக்கு ஒத்துவராது.

எண் வேண்டாம் என்று சொல்லவில்லை, இந்த எண் வேண்டாம் என்கிறேன். ஸ்குவாஷ் மெர்ஜ் செய்கிற குழுவில் பத்து கமிட் ஒன்றாகிவிடும். இரண்டு மின்னஞ்சலில், இரண்டு விதமாகப் பெயர் எழுதி கமிட் செய்பவர் இரண்டு ஆளாகத் தெரிவார். இந்தப் பெயர்கள் ஒரே ஆள் என்று சொல்லும் மெயில்மேப் கோப்பு எழுதினால்தான் சேரும். ஒரு பெயர் பாதியாகத் தெரிந்ததால் ஒருவருக்கு உயர்வு நின்றால் யார் பதில் சொல்வது?

கேள்வி: தேதி கொடுத்தும் அன்றைய கமிட் வரவில்லை...

மேலே சொல்லிவிட்டேன். நேரத்தை எழுதுங்கள்.

கேள்வி: எனக்கு நேர்மாறு. ஏப்ரல் ரிப்போர்ட்டில் மார்ச் தேதி வருகிறது.

இது வேறு, நல்ல கேள்வி. --சின்ஸ் பார்ப்பது கமிட் ஆன தேதியை. %ஏடி காட்டுவது முதலில் எழுதிய தேதியை. ரீபேஸ் செய்தால் (கமிட்டுகளை வேறொரு கமிட்டின் மேல் மறுபடி அடுக்கினால்) இரண்டும் பிரிந்துவிடும். %சிடி போடுங்கள், பொருந்திவிடும்.